பழைய காரின் சூடும் குளிரும்



எப்போதும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கும் நான் இந்த இதழில் காரைப் பற்றி எழுதப் போகிறேன். "வாத்தியாருக்கும் கார்ப் பட்டறைக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் சிரிக்கலாம். சம்பந்தம் வகுப்பறையில்தான் ஏற்பட்டது. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வெப்பத்தைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு பையன் எழுந்து, "சார், எங்க அப்பா மூணு மாசத்துக்கு ஒருக்கா காடி ஏர்கோனுக்குக் கேஸ் போடுறாரு. அந்தக் கேஸ் எங்க சார் போகுது?" என்று கேட்டான். அவன் அப்பா பட்டறையில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. பட்டறைக்காரர் தாமாகவே பதில் சொல்லியிருக்க வேண்டும். இருவரும் விட்டுவிட்டதால் வாத்தியார் தலையில் வந்து விழுந்தது.

நம் தோட்டங்களில் புதுக் கார் வாங்குகிறவர்கள் குறைவு. பட்டணத்தில் ஒருவர் ஓட்டிய வண்டியை இன்னொருவர் வாங்கி, அவரும் ஓட்டிக் களைத்த பிறகு மூன்றாவது கையாகவோ நான்காவது கையாகவோ நம் லயத்து வாசலுக்கு வந்து சேருகிறது. 1985-இல் வெளிவந்த புரோட்டோன் சாகாவின் முதல் வகை வண்டிகள் இன்னும் சில இடங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதற்கும் முந்திய டாட்சன், டொயோட்டா, மோரிஸ் மைனர், வோக்ஸ்வாகன் போன்றவற்றைக் கோலாலம்பூரில் வசதியானவர்கள் 'கிளாசிக் கார்' என்று மெழுகு பூசி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கிறார்கள். நமக்கோ பழைய கார் என்பது ஆசுபத்திரிக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வர வேண்டிய வண்டி. ஆகவே அதன் உள்ளுறுப்புகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை அவர்களைவிட நாம்தான் அதிகமாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முதலில் ஒன்றை மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். குளிர் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. சூடுதான் உண்டு. ஓரிடத்திலிருந்து சூட்டை எடுத்துவிட்டால் அந்த இடம் குளிர்கிறது. அந்தச் சூட்டைக் கொண்டுபோய்க் கொட்டிய இடம் சூடாகிறது. பழைய காரில் உள்ள ஹீட்டரும் சரி, ஏர்கோனும் சரி, சூட்டைச் சுமக்கும் கூலியாட்களே. ஹீட்டர் என்ஜினிலிருந்து சூட்டை எடுத்து நமக்குக் கொடுக்கிறது. ஏர்கோன் நம்மிடமிருந்து சூட்டை எடுத்து ரோட்டில் கொட்டுகிறது.

ஹீட்டரை முதலில் பார்த்துவிடுவோம்; அதன் வேலை எளிது. "இந்த வெயில் நாட்டில் ஹீட்டர் எதற்கு?" என்று நீங்கள் கேட்பது நியாயமே. இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் பனிக்காலத்தில் கார் ஓட்டியவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. மோட்டார் கார் வந்த புதிதில் அந்த நாட்டார் சுடவைத்த செங்கல்லைத் துணியில் சுற்றிக் காலடியில் வைத்துக்கொண்டும், கரி நெருப்புப் பெட்டியை வைத்துக்கொண்டும் பயணம் செய்தார்கள். பிறகுதான் என்ஜினிலேயே வேண்டிய சூடு வீணாகிறதே என்ற யோசனை வந்தது. உண்மையிலேயே நிறைய வீணாகிறது. நாம் ஊற்றும் பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. மற்றதெல்லாம் புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் தண்ணீர் வழியாகவும் சூடாகவே வெளியேறுகிறது.

என்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர் 80 முதல் 90 டிகிரி வரை சூடாக இருக்கும். அந்தத் தண்ணீரில் கொஞ்சத்தை இரண்டு ரப்பர்க் குழாய்கள் வழியாக டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள ஒரு குட்டி ரேடியேட்டருக்குக் கொண்டுவருகிறார்கள். அதன் பின்னால் ஒரு சிறு மின்விசிறி. விசிறி காற்றை அடிக்க, காற்று சூடாகிக் காலடிக்கும் முன் கண்ணாடிக்கும் வருகிறது. குழாயில் ஒரு பைப்பு இருக்கும். அதைத் திறந்தால் சூடு, மூடினால் இல்லை. ஹீட்டர் என்பது இவ்வளவுதான். மோரிஸ் மைனர் போன்ற வண்டிகளில் ஹீட்டர் வேண்டுமென்றால் தனிக் காசு கொடுத்துப் பொருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. வெயில் நாடுகளுக்கு ஹீட்டர் இல்லாமலே வந்த வண்டிகளும் உண்டு.

உங்கள் பழைய காரில் ஹீட்டர் இருந்தால், குளிருக்காக இல்லாவிட்டாலும் ஒரு சமயத்தில் அது கைகொடுக்கும். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தானா ராத்தா ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வளைவுக்கு மேல் வளைவு, வண்டி நிறைய ஆள், பின்னால் சாமான். சூடு காட்டும் முள் மெல்ல மெல்லச் சிவப்பை நோக்கிப் போகிறது. அப்போது ஏர்கோனை உடனே அடைத்துவிட்டு, ஹீட்டரை முழுதாகத் திறந்து அதன் விசிறியையும் போடுங்கள். காருக்குள் வேகும். ஆனால் அந்தக் குட்டி ரேடியேட்டரும் பெரிய ரேடியேட்டரோடு சேர்ந்து என்ஜினின் சூட்டை இறக்கும். முள் அப்போதும் இறங்காவிட்டால் ஓரமாக நிறுத்தி என்ஜினை அடைத்துவிடுங்கள்.

நிறுத்திய பிறகு செய்யக்கூடாத காரியம் ஒன்று இருக்கிறது. ரேடியேட்டர் மூடியை உடனே திறக்காதீர்கள். திறந்த பானையில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறோம். ரேடியேட்டரோ மூடி போட்டு அழுத்தத்தில் வைத்த பாத்திரம். அதற்குள் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் காத்திருக்கும். மூடியைத் திருகியதும் அழுத்தம் போய்விடுகிறது; தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி முகத்திலும் மார்பிலும் பீறிட்டு அடிக்கும். பிரஷர் குக்கர் வைத்திருக்கும் தாய்மார்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்களுக்குத்தான் அவசரம். அரை மணி நேரமாவது ஆறவிட்டு, கனமான துணியைப் போட்டுப் பிடித்து, மெதுவாகத் திறக்க வேண்டும்.

ரேடியேட்டரில் ஊற்றும் பச்சை நிறத் தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் கலந்திருக்கும் எத்திலீன் கிளைக்கோல் இனிப்பாக இருக்கும். ஆனால் அது விஷம். மிச்சத்தைச் சர்பத் போத்தலில் ஊற்றிச் சமையற்கட்டில் வைக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. வேண்டவே வேண்டாம்.

இனி ஏர்கோனுக்கு வருவோம். நாம் எல்லாரும் அறிந்த மூன்று சங்கதிகள் போதும், ஏர்கோன் முழுவதும் புரிந்துவிடும். ஊசி போடுமுன் மிஸ்ஸி கையில் ஸ்பிரிட் தடவுவார். தடவிய இடம் ஜில்லென்று இருக்கும். ஸ்பிரிட் ஆவியாகப் போகும்போது நம் தோலிலிருந்து சூட்டைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. அடுத்து, சமையல் கேஸ் தோம்பு. பெரிய அடுப்பை நெடுநேரம் எரித்தால் தோம்பின் அடிப்பக்கம் சில்லிட்டு, வெளியே முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து நிற்கும். உள்ளே திரவமாக இருக்கும் கேஸ் ஆவியாவதுதான் அதற்கும் காரணம். மூன்றாவது, சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு. வேகமாக அடித்தால் பம்பின் அடிப்பக்கம் கையைச் சுடும். காற்றை அமுக்கினால் சூடேறும்.

திரவம் ஆவியானால் சூட்டை உறிஞ்சும்; ஆவியை அமுக்கினால் சூடேறும். இந்த இரண்டையும் ஒரு வட்டத்தில் மாற்றி மாற்றிச் செய்வதுதான் ஏர்கோன்.

டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சுருள் குழாய் இருக்கிறது. பட்டறையில் இதைக் 'கூலிங் கோயில்' என்பார்கள். இதைச் சொன்னதும் என் வகுப்பில், "அங்கே என்ன சாமி சார்?" என்று ஒருத்தி கேட்டாள். சாமி இல்லை, சுருள்தான். அந்தச் சுருளுக்குள் திரவமான கேஸ் ஓர் ஊசித்துளை போன்ற வால்வு வழியாகப் பீச்சப்படுகிறது. துளையைத் தாண்டியதும் அழுத்தம் குறைகிறது, திரவம் ஆவியாகிறது, காருக்குள் இருக்கும் காற்றின் சூட்டை எல்லாம் உறிஞ்சிக்கொள்கிறது. பழைய கார்களில் பயன்பட்ட ஆர்-12 என்ற கேஸ், அழுத்தம் இல்லாத இடத்தில் சைபருக்குக் கீழே கிட்டத்தட்ட 30 டிகிரியிலேயே கொதித்துவிடும். நமக்கு ஐஸ் எப்படியோ, அதற்கு அது அடுப்பு.

சூட்டை ஏற்றிக்கொண்ட ஆவி, என்ஜின் பக்கத்தில் பெல்டிங்கில் சுற்றும் கம்ப்ரசருக்குப் போகிறது. கம்ப்ரசர் அதை அமுக்குகிறது. கம்ப்ரசருக்குள் நுழையும்போது அழுத்தம் சுமார் 30 பவுண்டு. வெளிவரும்போது, நம் ஊர் வெயிலில், 200 பவுண்டை ஒட்டியிருக்கும். சைக்கிள் பம்பு போலச் சூடேறி வெளியே வருகிறது. ஏன் இத்தனை சூடாக்க வேண்டும்? இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. தண்ணீர் எப்படி மேட்டிலிருந்து பள்ளத்துக்கு மட்டும் ஓடுமோ, அப்படியே சூடும் அதிகச் சூடான இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத்தான் போகும். வெளியே காற்று 33 டிகிரியில் இருக்கிறது. நாம் கொட்ட வேண்டிய சரக்கு அதைவிடச் சூடாக இருந்தால்தான் காற்று வாங்கிக்கொள்ளும். அதற்காகத்தான் அமுக்கிச் சூடேற்றுகிறோம். ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சர் என்ற தட்டையான சுருளில் அது காற்றுக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டு மறுபடியும் திரவமாகிறது. ஈரத்தையும் தூசியையும் பிடித்துவைக்கும் ஒரு சிறு குப்பி வழியாக மீண்டும் அந்த ஊசித்துளைக்குப் போகிறது. வட்டம் முடிந்தது.

கிணற்றில் தண்ணீர் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். காருக்குள் இருக்கும் சூடு கிணற்றுத் தண்ணீர். கேஸ்தான் வாளி. என்ஜின் கயிறு இழுக்கிற ஆள். வாளி கீழே போய் மொண்டுகொண்டு மேலே வந்து கொட்டிவிட்டு மறுபடியும் கீழே போகிறது. இனி அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம். தண்ணீர் இறைக்க இறைக்க வாளி கரைந்து போகுமா? போகாது. பெட்ரோல் மாதிரி கேஸ் எரிந்து தீர்ந்துபோவதில்லை. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓர் இடத்தில் ஒழுகுகிறது என்றுதான் அர்த்தம். பழைய வண்டிகளில் கம்ப்ரசர் அச்சின் சீல் வழியாகவும் ரப்பர்க் குழாய்கள் வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவது இயல்பு. அது வருடக்கணக்கில் நடக்கும் கசிவு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேஸ் போடச் சொல்லும் பட்டறை, ஓட்டை வாளியை அடைக்காமல் உங்கள் காசை ஊற்றிக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை, "கேஸ் போடுமுன் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்துக் காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். நல்ல போமன் சோப்புத் தண்ணீர் தடவியோ, நிற மருந்து செலுத்தியோ கண்டுபிடித்துவிடுவார். கேஸோடு எண்ணெயும் சேர்ந்து கசிவதால், இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் ஒட்டியிருக்கும் இடத்தை நீங்களே பார்த்துச் சொல்லலாம்.

காருக்குள் குளிரூட்டும் யோசனை இன்று நேற்று வந்ததல்ல. 1939-இல் அமெரிக்காவில் சிகாகோ கண்காட்சியில் பெக்கார்ட் நிறுவனம் முதன்முதலாக அதைக் காட்டியது. விலை 274 டாலர். குளிரூட்டும் சுருள் பின்சீட்டுக்குப் பின்னால் இருந்ததால், சாமான் வைக்கும் இடத்தில் பாதி போய்விட்டது. அதைவிட வேடிக்கை, அதற்கு அடைக்கும் சுவிட்சு கிடையாது. குளிர் போதும் என்றால் வண்டியை நிறுத்தி, இறங்கி, முன்மூடியைத் திறந்து கம்ப்ரசர் பெல்டிங்கைக் கழற்ற வேண்டும்! இரண்டொரு ஆண்டில் அந்த ஏற்பாட்டையே கைவிட்டார்கள். 1954-இல் நேஷ் நிறுவனம்தான் எல்லா உறுப்புகளையும் முன்பக்கத்திலேயே அடக்கி, ஹீட்டரோடு சேர்த்து, சாதாரண மனிதர் எட்டக்கூடிய விலையில் கொண்டுவந்தது. இப்போது ஏர்கோன் போட்டதும் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கிறதல்லவா? அது காந்தக் கிளட்ச். வேண்டும்போது கம்ப்ரசரைப் பெல்டிங் சக்கரத்தோடு பிடித்துக்கொள்ளும், வேண்டாதபோது விட்டுவிடும். சுருள் சைபர் டிகிரிக்கும் கீழே போய் ஐஸ் கட்டி அடைத்துக்கொள்ளாமல் இருக்கவும் அதுவே அடிக்கடி விட்டு விட்டுப் பிடிக்கிறது. நம் பக்கத்தில் பல பழைய வண்டிகள் ஏர்கோன் இல்லாமலே வந்து, பிறகு கடையில் டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டவை. முன்சீட்டில் உட்காருகிறவரின் முழங்காலை இடிக்கும் அந்தப் பெட்டியைப் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள்.

ஆர்-12 கேஸுக்கும் ஒரு கதை உண்டு. அதற்குமுன் ஐஸ்பெட்டிகளில் பயன்பட்ட கேஸ்கள் விஷமானவை அல்லது தீப்பற்றுபவை. 1928-இல் அமெரிக்க ரசாயனி தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் தீப்பற்றாத, மூச்சில் போனால் உடனே கொல்லாத இந்த வகையைக் கண்டுபிடித்தார்கள். 1930-இல் ஒரு கூட்டத்தில் அவர் அதைத் தம் மூச்சில் இழுத்து, எரியும் மெழுகுவத்தியின் மேல் ஊதி அணைத்துக் காட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். ஆனால் அந்தக் கேஸ் வானத்தின் உயரத்துக்குப் போய், வெயிலின் கெடுதலான கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974-இல் மொலினா, ரோலண்ட் என்னும் இரு விஞ்ஞானிகள் சொன்னார்கள். நம் சாகா வெளிவந்த அதே 1985-ஆம் ஆண்டில், தென்துருவத்துக்கு மேலே ஓசோன் மெலிந்துபோயிருப்பதைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அளந்து வெளியிட்டார்கள். 1987-இல் மொன்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. 1989-இல் மலேசியாவும் சேர்ந்தது. நம்மைப் போன்ற வளரும் நாடுகளும் 2010-க்குள் அந்த வகைக் கேஸ்களை நிறுத்திவிட வேண்டும் என்பது ஒப்பந்தம்.

ஆகவே பழைய காரின் ஏர்கோனுக்கு இன்று போடுவது பெரும்பாலும் ஆர்-134ஏ என்ற கேஸ். இது ஓசோனைக் கெடுக்காது. ஆனால் காற்றில் விட்டால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலிமையானது. அதனால் பட்டறையில் பழைய கேஸைப் 'புஸ்' என்று காற்றில் விடுவது தவறு. கேஸை மட்டும் மாற்றினால் போதும் என்று சொல்பவரையும் நம்பாதீர்கள். பழைய கம்ப்ரசருக்குள் இருக்கும் எண்ணெய் புதிய கேஸோடு கலக்காது. எண்ணெய், ஈரம் பிடிக்கும் குப்பி, ரப்பர் வளையங்கள் எல்லாவற்றையும் மாற்றினால்தான் கம்ப்ரசர் தாங்கும். அப்படி மாற்றினாலும் பழைய கண்டென்சர் சிறியதாக இருந்தால் முன்போல் குளிராது. மலிவாக முடிக்கச் சிலர் சமையல் கேஸ் வகையை நிரப்புகிறார்கள். குளிர் நன்றாகவே வரும். ஆனால் அந்தச் சுருள் ஒழுகினால் கேஸ் நம் காலடியில் வந்து நிறையும். ஒரு சிகரெட், ஒரு சுவிட்சுப் பொறி போதும். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியில் அந்த மலிவு வேண்டாம்.

கயிறு இழுக்கிற ஆளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய கம்ப்ரசர் என்ஜினிலிருந்து 5 குதிரைத்திறனும் அதற்கு மேலும் கேட்கும். 1,300 சிசி வண்டி அதைச் சுமந்துகொண்டு மேட்டில் ஏறும்போது முக்குவது அதனால்தான். பட்டணத்து நெரிசலில் நின்று நின்று போகும்போது குளிர் குறைவதற்கும் காரணம் உண்டு. என்ஜின் மெதுவாகச் சுற்றுவதால் கம்ப்ரசரும் மெதுவாகச் சுற்றுகிறது. கண்டென்சருக்கும் காற்று கிடைப்பதில்லை. இதற்குக் கேஸ் மேல் கேஸ் ஏற்றிப் பயனில்லை. கண்டென்சருக்கு முன்னால் ஒரு மின்விசிறி பொருத்தி, அதன் இடுக்கில் அடைத்திருக்கும் பூச்சியையும் செம்மண் தூசியையும் மெதுவான தண்ணீரால் கழுவினாலே பாதி குறை தீரும். தோட்டச் சாலையில் ஓடும் வண்டிக்கு இது கட்டாயம்.

வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறது என்று பயந்து பட்டறைக்கு ஓடுகிறவர்கள் உண்டு. ஏர்கோன் ஓடினால் அது சொட்டத்தான் வேண்டும். ஐஸ் போட்ட கிளாஸின் வெளியே நீர் கோப்பதுபோல், குளிர்ந்த சுருளில் காற்றின் ஈரம் தண்ணீராகி ஒரு குழாய் வழியாகக் கீழே போகிறது. அந்தக் குழாய் அடைத்தால்தான் தொல்லை; காலடி விரிப்பு நனையும். நனைந்த விரிப்பைத் தொட்டுப் பாருங்கள். வெறும் தண்ணீர் என்றால் ஏர்கோன் குழாய் அடைப்பு. பிசுபிசுப்பும் இனிப்பு வாசனையும் இருந்தால் ஹீட்டரின் குட்டி ரேடியேட்டர் ஒழுகுகிறது. ஏர்கோன் காற்றின் ஈரத்தை எடுத்துவிடுவதால்தான், மழையில் கண்ணாடி உள்ளே பூத்துக்கொள்ளும்போது அதைப் போட்டவுடன் தெளிகிறது. ஹீட்டரும் இருந்தால் இரண்டையும் சேர்த்துப் போடலாம். இன்னும் சீக்கிரம் தெளியும்.

இதுவரை சொன்னது காசு விவகாரம். இனிச் சொல்லப்போவது உயிர் விவகாரம். தாய்மார்களும் கவனிக்க வேண்டும்.

தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கோ ஈப்போவுக்கோ பினாங்குக்கோ குடும்பத்தோடு போகிறோம். இரவு வெகுநேரம் ஆகிவிடுகிறது. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். "காடியிலேயே கொஞ்சம் கண்ணசருவோம், கொசு கடிக்கும், ஏர்கோனைப் போட்டுக்கொள்வோம்" என்று கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படுத்துவிடுகிறோம். நின்ற வண்டியில் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. கொல்வது ஏர்கோன் கேஸ் என்று பலர் நினைக்கிறார்கள். கொல்வது என்ஜின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. இரத்தத்தில் பிராண வாயு ஒட்டிக்கொள்ள வேண்டிய இடத்தில் இது 200 மடங்குக்கும் மேலான பலத்தோடு ஒட்டிக்கொள்கிறது. புதிய கார்களில் புகையைச் சுத்தம் செய்யும் கருவி இருக்கிறது. பழைய கார்ப்பரேட்டர் வண்டிகள் பலவற்றில் அது கிடையாது. புகைக்குழாய் துருப்பிடித்து நடுவில் ஓட்டையாகியிருக்கும். பின்மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். தரைப் பலகையில் துரு ஓட்டை இருக்கும். ஓடும் வண்டியில் புகை பின்னால் போய்விடும். நின்ற வண்டியில் அது அடியிலேயே தேங்கி, இந்த ஓட்டைகள் வழியாக உள்ளே வருகிறது. ஏர்கோன் விசிறி அதே காற்றையே சுற்றிச் சுற்றிக் கொடுக்கிறது.

ஆமை முதுகு வோக்ஸ்வாகன் வைத்திருப்போர் இன்னும் ஒரு படி எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அதில் ரேடியேட்டரும் தண்ணீரும் கிடையாது. காற்றால் குளிரும் என்ஜின். ஆகவே அதன் ஹீட்டர், புகைக்குழாயைச் சுற்றிப் போர்த்திய உறைக்குள் காற்றைச் சூடாக்கித்தான் உள்ளே அனுப்புகிறது. குழாய் துருப்பிடித்து ஓட்டையானால் சூட்டோடு புகையும் சேர்ந்து வரும். கேமரன் மலையில் குளிருக்காக அதைத் திறக்குமுன் பட்டறையில் குழாயைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இந்த விஷம் ஏறினால் முதலில் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், அசதி வரும். "பயணக் களைப்பு" என்றுதான் தோன்றும். காருக்குள் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். கதவுகளைத் திறந்து எல்லாரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள். என்ஜினை அடையுங்கள். யாராவது எழுப்பியும் எழாவிட்டால் 999-ஐ உடனே அழையுங்கள். "புகை ஏறியிருக்கும்" என்று அவர்களிடம் சொல்லுங்கள். கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கிவைத்தால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். போதாது; அந்த இடுக்கு வழியாகவும் புகை உள்ளே வரும். காரில் தூங்க வேண்டுமென்றால் என்ஜினை அடைத்துவிட்டு, கண்ணாடிகளை நன்றாக இறக்கிவிட்டுத் தூங்க வேண்டும். வேர்க்கும். கொசுவும் கடிக்கும். கொசுவர்த்தியை வண்டிக்கு வெளியே, காற்று வரும் பக்கத்தை விட்டு அடுத்த பக்கத்தில் கொளுத்தி வையுங்கள்.